கைமாறும் ஸ்போர்ட்ஸ் கார்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த வாகனக் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியவை. நாலைந்து வயதான ஸ்போர்ட்ஸ் காரை இன்று வாங்கினால், கைமாற்றும் நாளில் எவ்வளவு தேறும்? ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம். சாலை வரிக் கணக்கு முழுவதும் தீபகற்ப மலேசியாவில் தனிநபர் பெயரில் பதிவான காடிகளுக்கு உரியது.

செந்தூல், கோலாலம்பூர்: குளென்மேரியில் இரண்டு போர்ஷே 718 கேமன் பார்த்தேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் 2.0 எஞ்சின், இரண்டிலும் "2019" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆனால் ஒன்று மற்றதைவிட 50 ஆயிரம் வெள்ளி குறைவு. குறைந்த விலைக் காடியை வாங்கினால் விற்கும்போது அடிபடுவேனா?

இரண்டின் கிராண்டையும், அதாவது பதிவு அட்டையையும், கேட்டு வாங்கிப் பாருங்கள். தயாரிப்பு ஆண்டு ஓரிடத்திலும் பதிவுத் தேதி வேறோரிடத்திலும் இருக்கும். கண்ணாடியில் ஒட்டிய "2019" இந்த இரண்டில் எது என்பதில்தான் அந்த 50 ஆயிரம் ஒளிந்திருக்கலாம். உள்ளூர் விநியோகஸ்தர் புதிதாக விற்ற காடியில் இரண்டு தேதிக்கும் இடையே சில மாதங்களே இருக்கும். வெளிநாட்டில் ஓடிவிட்டு இங்கே இறக்குமதியாகும் ரீகான் காடி அப்படியல்ல. ஏபி எனும் இறக்குமதி அனுமதியில் வருவது ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான காடி. எனவே 2016-இல் தயாராகி, ஜப்பானில் மூன்று ஆண்டு ஓடி, 2019-இல் இங்கே முதல் எண் பட்டை மாட்டியதாகவும் இருக்கலாம். விளம்பரத்தில் "2016/2019" என்று இரண்டையும் போடுகிற வியாபாரியிடம் மற்ற கேள்விகளுக்கும் நேரான பதில் கிடைக்கும் என்று நம்பிப் போகலாம்.

அடுத்து வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் வங்கி பொதுவாகத் தயாரிப்பு ஆண்டைத்தான் பார்க்கும். காடிக்கு மூன்று வயது கூடினால் கடன் காலம் சுருங்கும், மாதத் தவணை ஏறும், வாங்க முடிகிறவர்கள் குறைவார்கள். ஆகவே 2016 காடியை 2016 காடியின் விலைக்கு வாங்கினால் உங்களுக்கு நட்டமில்லை. வாங்கும்போது கிடைத்த குறைவை விற்கும்போது திருப்பிக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். 2019 விலையைக் கொடுத்து 2016 காடியை வீட்டுக்கு ஓட்டி வருபவர்தான் அடிபடுகிறார்.

இரண்டுமே தயாரிப்பில் 2019 என்றால், எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்த காடிக்குப் பெரும்பாலும் ஏலத் தாள் இருக்கும், அங்கே ஏலம் விட்டபோது காடியின் நிலையைக் குறித்த தாள் அது. மேலே மதிப்பெண் இருக்கும்: 5, 4.5 என்றால் நல்ல நிலை, 4 என்றால் சிறு குறைகள், 3.5-க்குக் கீழே போனால் விலையும் இறங்கியாக வேண்டும். ஆர் அல்லது ஆர்ஏ என்றிருந்தால் விபத்தில் பட்டு எலும்புக்கூடு வரை வேலை பார்த்த காடி. காரின் படத்தின் மேல் ஏ, யூ, டபிள்யூ எழுத்துகள் தெரியும். அவை முறையே கீறல், நசுங்கல், தட்டிச் சாயம் அடித்த இடம். எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தத் தகட்டையே மாற்றியிருக்கிறார்கள். வியாபாரி காட்டும் தாளை அப்படியே நம்ப வேண்டாம். அச்சடிப்பதற்கு அதிகம் செலவாகாது. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் மூலத் தாளைத் தேடித் தரும் சேவைகள் உண்டு. சில பத்து ரிங்கிட் செலவில் முடிகிற வேலை.

பிரிட்டனிலிருந்து வந்ததற்கு ஏலத் தாள் இருக்காது. அதன் பழைய பிரிட்டன் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் எம்ஓடி எனும் வாகனத் தகுதிச் சோதனையின் வரலாறு இலவசம். ஒவ்வொரு சோதனையிலும் ஓடிய மைல் பதிவாகியிருக்கும். ஒரு சிக்கல்: அங்கே மூன்று வயது முடிந்த பிறகுதான் முதல் சோதனை. இரண்டே வயதில் கப்பலேறிய காடிக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. அப்போது பட்டறைப் பதிவைத்தான் நம்ப வேண்டும். காப்புறுதி நிறுவனம் கைகழுவிய காடியா என்பதையும் பாருங்கள். 2017 அக்டோபருக்குப் பிறகு அங்கே பழுதுபார்த்து மறுபடி ஓட்டக்கூடியவற்றுக்கு எஸ், என் என்ற இரண்டு பிரிவுகள். எஸ் என்றால் கட்டமைப்பே அடிபட்டது. அதை இங்கே மறுவிற்பனைக்கு நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். மேலும், குளிர்காலத்தில் உப்பு தூவிய சாலைகளில் ஓடியிருக்கும் என்பதால் காடியைத் தூக்கி, அடியில் போல்ட்டுகளையும் பிரேக் குழாய்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஜப்பான் காடியில் வேறு தொல்லை. அங்கே பண்பலை 76-இல் தொடங்கி 95 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், வழிகாட்டி வரைபடம் ஜப்பான் மட்டும்தான். சரிசெய்துவிட்டார்களா என்று கேளுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் சோதனை ஓட்டத்தில் ஜப்பானிய மொழியில் பேசும் திரையைக் காட்டி ஆயிரம் இரண்டாயிரம் குறைக்கச் சொல்லாத ஆளே இல்லை.

பந்தாய் டாலாம், கோலாலம்பூர்: எஞ்சின் பெரிதானால் மறுவிற்பனை விலை விழும் என்கிறார்கள். உண்மையா?

விலை விழுகிறதோ இல்லையோ, வாங்கும் கூட்டம் சிறுத்துவிடும். சாலை வரியைப் போட்டுப் பார்த்தாலே தெரியும். கூபே, திறந்த கூரைக் காடி எல்லாம் சலூன் கணக்கில்தான் வரும். 1,801 முதல் 2,000 சிசி வரை 280 ரிங்கிட், அதோடு 1,800-க்கு மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் 50 சென். 2,001 முதல் 2,500 வரை 380 ரிங்கிட், மேற்பட்ட சிசிக்கு ஒரு ரிங்கிட். 2,501 முதல் 3,000 வரை 880, சிசிக்கு 2.50. 3,000-ஐத் தாண்டினால் 2,130, சிசிக்கு 4.50.

ஒரே 718 கேமனை எடுத்துக்கொள்ளுங்கள். 1,988 சிசி சாதா ரகத்துக்கு ஆண்டுக்கு 374 ரிங்கிட். 2,497 சிசி எஸ் ரகத்துக்கு 877. 3,995 சிசி ஜிடிஎஸ் 4.0-க்கு 6,607.50. ஐந்து ஆண்டுக்குச் சாதா ரகம் 1,870 ரிங்கிட், ஜிடிஎஸ் 33,037.50. 2,981 சிசி 911 கரேராவுக்கு 2,082.50-தான், ஏனென்றால் 3,000 கோட்டுக்கு அந்தப் பக்கம் அது போகவில்லை. 3,799 சிசி நிசான் ஜிடி-ஆருக்கு 5,725.50. 2016-இல் இங்கே வந்த ஃபோர்ட் மஸ்டாங் 5.0, எஞ்சின் 4,951 சிசி, ஆண்டுக்கு 10,909.50 கேட்கும். அதனால்தான் மஸ்டாங் 2.3 விற்கிற வேகத்தில் 5.0 விற்பதில்லை, 2.3-இன் எஞ்சின் 2,261 சிசி என்பதால் வரி 641 ரிங்கிட்டோடு முடிந்துவிடுகிறது.

இதிலிருந்து "2.0 டர்போ வாங்கினால் தப்பித்தேன்" என்று முடிவு கட்ட வேண்டாம். மெர்சிடிஸ் ஏ45, சிஎல்ஏ45 இரண்டுக்கும் 1,991 சிசி, வரி 375.50. ஆனால் ரீகான் கடைகளில் வரிசையாக நிற்கின்றன. கப்பலில் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும் காடிக்கு விலை எப்படி நிற்கும்? அதே 2.0 டர்போதான் ஹோண்டா சிவிக் டைப் ஆர், 1,996 சிசி, வரி 378. மேனுவல் கியர் மட்டுமே, வரத்தும் குறைவு. விலை பிடித்து நிற்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு: ஜிடிஎஸ் 4.0 வரியில் கடித்தாலும் டர்போ இல்லாத ஆறு சிலிண்டர். பெட்ரோல் 718 தயாரிப்பு 2025-இல் நின்றுவிட்டது. அதைத் தேடி வருபவர் 6,600 ரிங்கிட்டைப் பார்த்துப் பின்வாங்க மாட்டார். ஆனால் அவர் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும் ஆண்டுக்கும் வரி கட்ட வேண்டும்.

புக்கிட் மெர்த்தாஜாம், பினாங்கு: மீட்டர் 21,000 கிலோமீட்டர் காட்டுகிறது. காடிக்கு ஆறு வயது. மீட்டரைத் திருப்பியிருப்பார்களோ என்று சந்தேகம். போர்மேனைக் கூட்டிப் போனால் கண்டுபிடிப்பாரா?

சாதாரண ஸ்கேனர் கொண்டு வரும் போர்மேனால் முடியாது. அந்தந்தப் பிராண்டுக்கான கணினி உள்ள பட்டறைக்குக் காடியைக் கொண்டுபோக விற்பவர் சம்மதிக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். ஜூருவுக்குப் போய்த் திரும்ப அரை நாள்கூட ஆகாது. மறுக்கிறவருக்குக் காரணம் இருக்கும்.

மீட்டர் பலகையில் உள்ள எண்ணை மாற்றுவது எளிது. எஞ்சின், கியர்பெட்டி, சாவி, பிரேக் என்று ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் தனித்தனியாகப் பதிந்த எண்களை ஒன்றுபோல் மாற்றுவது கடினம். அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பழைய பிழைக் குறியீடுகளோடு அப்போதைய கிலோமீட்டரும் பதிவாகியிருக்கும். 21,000 காட்டும் காடியில் 48,000-இல் பதிவான பிழை கிடந்தால் பேச்சு முடிந்தது.

போர்ஷேயாக இருந்தால் இன்னொரு வழி, எஞ்சின் ஓடிய மணிநேரம். கிலோமீட்டரை மணிநேரத்தால் வகுங்கள். நகரத்தில் ஓடும் காடிக்கு மணிக்கு 25 முதல் 40 கிலோமீட்டர் வருவது இயல்பு. 21,000 கிலோமீட்டர், 700 மணி என்றால் 30, சரி. 21,000 கிலோமீட்டர், 1,500 மணி என்றால் 14. பினாங்குப் பாலத்தில் மாலை ஆறு மணிக்கு மட்டுமே ஓட்டினாலும் அவ்வளவு குறையாது. அதே அறிக்கையில் எஞ்சின் சுழற்சி வரம்பு மீறிய பதிவுகளும் வரும், ஆறு படிகளாக. கீழ்ப்படிகளில் எண்ணிக்கை இருப்பது சகஜம். மேல் மூன்று படிகளில் இருந்தால், மேனுவல் காடியில் தவறான கீழ் கியரைப் போட்டு எஞ்சினை அலறவிட்டிருக்கிறார்கள். அது எந்த மணிநேரத்தில் நடந்தது என்பதும் பதிவாகியிருக்கும். நடந்து 300 மணிநேரம் ஓடியும் எஞ்சின் நன்றாக இருந்தால் கவலை குறைவு. விலையைக் குறைக்கக் கேட்பதற்கு மட்டும் காரணம் ஆகும்.

கணினி இல்லாமலும் பார்க்க நிறைய உண்டு. ஓட்டுநர் இருக்கையில் ஏறி இறங்கும் பக்கத்து மேடு, ஸ்டியரிங்கில் கை வைக்கும் இடத்துப் பளபளப்பு, பிரேக் மிதியின் ரப்பர், பிரேக் தட்டின் விளிம்பில் எழுந்த வரப்பு. டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் வாரமும் ஆண்டும்: 3521 என்றால் 2021-இன் 35-ஆவது வாரம். 21,000 கிலோமீட்டரில் ஒரு செட் டயர் மாறியிருந்தால் நியாயம். பிரேக் தட்டும் புதிது, ஸ்டியரிங் தோலும் புதிது என்றால் எதை மறைக்கிறார்கள் என்று யோசியுங்கள். பிரிட்டன் காடி என்றால் இன்னொன்று: 21,000 என்பது மைலா கிலோமீட்டரா? மைல் என்றால் அது 33,800 கிலோமீட்டர். பொய்யே சொல்லாமல் ஏமாற்றும் வழி இது.

சாயத் தடிப்பு அளக்கும் கருவியும் எடுத்துப் போங்கள். தொழிற்சாலைச் சாயம் சுமார் 90 முதல் 150 மைக்ரான். 250-ஐத் தாண்டினால் மறுபடி அடித்தது. 500-க்கு மேல் என்றால் உள்ளே புட்டி. பாதுகாப்புப் படலம் ஒட்டிய இடத்தில் அதுவே 150 முதல் 200 கூட்டிக் காட்டும், பதற வேண்டாம். அலுமினியக் கதவுக்கு அலுமினியம் படிக்கும் கருவி வேண்டும். கார்பன் கூரையில் எந்தக் கருவியும் சரியாகக் காட்டாது. அங்கே கண்தான் கருவி.

பெட்டாலிங் ஜெயா: 2016 பிஎம்டபிள்யூ எம்4. "ஸ்டேஜ் 2" டியூன் செய்தது, 560 குதிரைத்திறன் என்கிறார். அதற்காகவே 15,000 கூடக் கேட்கிறார். கொடுக்கலாமா?

கூடக் கொடுக்காதீர்கள், குறைத்துக் கேளுங்கள். அந்த எஸ்55 எஞ்சினின் பலவீனம் தெரிந்த ஒன்று. கிராங்க் தண்டின் முனையில் வால்வு நேரத்தை இயக்கும் பற்சக்கரம் இருக்கிறது. அதைப் பிடித்திருப்பது ஆப்போ பல்லோ அல்ல. நடு போல்ட் ஒன்றின் இறுக்கத்தால் உண்டாகும் உராய்வு மட்டும்தான். தொழிற்சாலை முறுக்குவிசையில் பெரும்பாலானவை தாங்கும். டியூன் செய்து முறுக்கு ஏறி, இரட்டைக் கிளட்ச் கியர் பட்டென்று மாறும் ஒவ்வொரு முறையும் அந்த உராய்வு சோதிக்கப்படுகிறது. நழுவினால் எஞ்சின் விளக்கு எரிந்து வேகம் குறையும். மோசமாக நழுவினால் வால்வும் பிஸ்டனும் மோதும். பிறகு எஞ்சினையே திறக்க வேண்டியதுதான்.

ஆகவே கேட்க வேண்டியது குதிரைத்திறன் அல்ல, பில். அந்தப் பற்சக்கரத்தைத் தாங்கும் ஹப்பை, ஆப்பு வைத்த அல்லது பின் அடித்த ஒன்றாக எந்தப் பட்டறையில், எப்போது மாற்றினார்கள்? பில் இருந்தால் டியூன் செய்த காடியை, செய்யாத காடியின் விலைக்கு எடுக்கலாம். இல்லையென்றால் ஹப் மாற்றும் கூலியையும் உதிரியையும் விலையில் கழியுங்கள், அல்லது கைபடாத காடியைத் தேடுங்கள். சாலை வரி 2,979 சிசிக்கு 2,077.50. கார்பன் செராமிக் பிரேக் போட்டிருந்தால் தேய்மானத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு தட்டையும் மாற்றினால் ஒரு புது மைவி வாங்கும் காசில் பெரும்பகுதி போய்விடும்.

ராவாங்: நண்பரின் நண்பர் ஆடி டிடி-யை "சம்புங் பாயார்" கொடுக்கிறார். முன்பணம் 12 ஆயிரம், மிச்சத் தவணையை நான் கட்ட வேண்டும். பின்னால் விற்றால் லாபம்தானே?

எதை விற்பீர்கள்? கிராண்டில் பெயர் அவருடையது, உரிமைக் கோரிக்கை வங்கியுடையது, காப்புறுதியும் அவர் பெயரில். வங்கியின் சம்மதமில்லாமல் காடியை இப்படிக் கைமாற்றுவது வாடகைக் கொள்முதல் சட்டப்படி குற்றம். நீங்கள் ஒழுங்காகக் கட்டினாலும், அவர் வங்கிக்குக் கட்டாமல் விட்டால் காடி இழுக்கப்படும். நீங்கள் இடித்தால் காப்புறுதிக் கோரிக்கையில் சிக்கல். அவர் போலீசில் காடி காணவில்லை என்று புகார் கொடுத்தால் உங்கள் நிலை இன்னும் மோசம். வேண்டாம்.

கிள்ளான்: 2021 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய காடியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா பக்கம் அன்று மூழ்கிய காடிகளைத் துடைத்துக் கழுவிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது முகர்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள் சுருளில் மண் கோடு நிற்கும். இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, கம்பளத்துக்கு அடியில் பஞ்சின் ஈரக்கறை, ஓட்டுநர் காலுக்குப் பக்கத்து இணைப்பிகளில் பச்சைப் பூப்பு. ஸ்போர்ட்ஸ் கார் தாழ்வானது என்பதால் முழங்கால் தண்ணீரே இருக்கை வரை ஏறும். சில மாடல்களில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இருக்கைக்கு அடியிலேயே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாகத்தான் சாகும், வெள்ளம் வடிந்து மூன்றாவது ஆண்டில்கூட. பினாங்கு வாசகர்கள் 2017 நவம்பர் வெள்ளத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆயர் ஈத்தாம், பினாங்கு: என்னிடம் சிவிக் டைப் ஆர் எஃப்கே8, உள்ளூரில் புதிதாக வாங்கியது. எக்ஸாஸ்ட், டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்), டியூன், வேறு ரிம் போட்டிருக்கிறேன். கடன் பாக்கி இருக்கிறது. மூன்று தவுக்கேகளிடம் கேட்டேன், மூன்றும் மனசுக்கு ஆகாத விலை. நானே விற்றால் கூடக் கிடைக்குமா? எங்கிருந்து தொடங்குவது?

கிடைக்கும். ஆனால் உழைக்க வேண்டும். கடை கொடுக்கும் விலையில் அவர்களுடைய லாபம், நின்று கிடக்கும் நாட்களுக்கான வட்டி, வாங்கிய பிறகு வெளிப்படும் குறைக்கான பயம் எல்லாம் அடங்கும். டியூன் செய்த காடி என்றால் அந்தப் பயம் இரட்டிப்பு.

காடியைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். தொழிற்சாலை டவுன்பைப், எக்ஸாஸ்ட், ரிம் வைத்திருக்கிறீர்கள்தானே? போட்ட உதிரிகளைத் தனியாக விற்றால் கொடுத்த காசில் ஓரளவாவது திரும்பும். காடியோடு விட்டால் ஒரு காசும் திரும்பாது. டைப் ஆர் தேடுபவர்களில் நல்ல விலை கொடுப்பவர் கைபடாத காடியைத் தேடுகிறார். கைபட்டதைத் தேடுபவர் இளைஞர். ஆசை அதிகம், கடன் தகுதி குறைவு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத டவுன்பைப், முன் கண்ணாடியில் 70 விழுக்காட்டுக்கும் முன்பக்கக் கதவில் 50 விழுக்காட்டுக்கும் குறைவாக ஒளி விடும் கருப்புப் படலம், இவை பெயர் மாற்றத்துக்கு முந்தைய சோதனையிலும் வழிமறிக்கலாம்.

அடுத்து, அந்த ரகத்துக்கே உரிய குறைகளை வாங்குபவர் கேட்பதற்கு முன் பார்த்துவிடுங்கள். ஏசி கண்டென்சர் கசிவு அந்தத் தலைமுறை சிவிக்கில் பலருக்கு வந்தது. குளிராக இருக்கும்போது இரண்டாவது மூன்றாவது கியர் கரகரக்கிறதா? கரகரத்தால் கியர் எண்ணெய் மாற்றிப் பாருங்கள், அதிலேயே சிலதில் அடங்கும். பட்டறைப் பதிவேட்டில் ஓர் இடம் விட்டுப்போயிருந்தாலும் அந்தப் பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.

விலை வைக்க ஒரு வழி: ஒரே தயாரிப்பு ஆண்டு, உள்ளூர்ப் பதிவு உள்ள விளம்பரங்கள் எட்டுப் பத்து சேருங்கள். ரீகான் டைப் ஆர்களைச் சேர்க்காதீர்கள், அது வேறு சந்தை. மிக உயர்ந்த இரண்டையும் மிகக் குறைந்த இரண்டையும் தள்ளுங்கள். மிச்சத்தில் மூன்று வாரத்துக்குள் மறைந்த விளம்பரங்களின் விலைதான் உண்மை விலை. மாதக்கணக்கில் அப்படியே கிடப்பது விற்காத விலை. அதைக் காட்டித்தான் பலர் மனக்கோட்டை கட்டுகிறார்கள்.

கடனுக்கு வருவோம். வங்கியிடம் முழுத் தீர்வுத் தொகைக் கடிதம் கேளுங்கள், தேதி குறித்து. நிலையான வட்டிக் கடனில் தொடக்க ஆண்டுகளில் கட்டியதில் கணிசமான பங்கு வட்டிக்கே போயிருக்கும். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் பாக்கியைவிடக் கடிதத்தில் கூடவே இருக்கும். வாங்குபவர் ரொக்கம் தந்தால், இருவரும் உங்கள் வங்கிக் கிளைக்கே போய் அந்தத் தொகையை நேராக உங்கள் கடன் கணக்கில் கட்டச் சொல்லுங்கள், மிச்சம் உங்களுக்கு. அவருக்கும் கடன் என்றால் அவருடைய வங்கி உங்கள் வங்கிக்குத் தீர்வுத் தொகையைக் கட்டி, மீதியைத் தரும். அவருடைய வங்கி உங்கள் விலையைப் பார்க்காது, தன் மதிப்பீட்டைத்தான் பார்க்கும். மதிப்பீடு குறைந்தால் இடைவெளியை அவர் ரொக்கமாகப் போட வேண்டும். பாதிப் பேச்சுகள் உடைவது இந்த இடத்தில்தான். எனவே முன்பணம் வாங்குவதற்கு முன் "உங்கள் வங்கி எவ்வளவு மதிப்பிட்டது?" என்று கேட்டுவிடுங்கள்.

பிறகு புஸ்பாகோம் வாகனச் சோதனை மையம். பெயர் மாற்றத்துக்கு பி5 சோதனை, வாங்குபவருக்குக் கடன் உண்டென்றால் பி7 சோதனையும். சேசிஸ் எண், எஞ்சின் எண் தெளிவாக இருக்க வேண்டும், நிறம் கிராண்டில் உள்ளபடி இருக்க வேண்டும். வங்கி உரிமைக் கோரிக்கையை நீக்கிய பிறகுதான் ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாற்றம். அதுவரை சாவியைக் கொடுக்காதீர்கள். பெயர் மாறாமல் கொடுத்தால் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் அவர் வாங்கும் சம்மன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

எண் பட்டை அழகான எண்ணா? அதைக் காடியோடு சேர்த்து விற்க வேண்டியதில்லை. வேறு காடிக்கு மாற்றிக்கொள்ள ஜேபிஜே-யில் வழி உண்டு. பெயர் மாற்றத்துக்கு முன்பே செய்ய வேண்டும். காப்புறுதியின் என்சிடி தள்ளுபடியும் உங்களுடையதே, காடியுடையது அல்ல. ஐந்து ஆண்டு கோரிக்கை இல்லாமல் சேர்த்த 55 விழுக்காட்டை அடுத்த காடிக்கு எடுத்துப் போங்கள்.

சுபாங் ஜெயா: ரீகான் காடிக்குக் காப்புறுதித் தொகை எவ்வளவு போடுவது? ஏஜெண்டு ஒவ்வொருவரும் ஒரு விலை சொல்கிறார்கள்.

"ஒப்புக்கொண்ட மதிப்பு" முறை கிடைத்தால் அதையே கேளுங்கள். "சந்தை மதிப்பு" முறையில், காடி முழுதாகப் போன அன்று என்ன சந்தை விலை என்று நிறுவனம் சொல்கிறதோ அதுதான் கிடைக்கும், நீங்கள் அதிகத் தொகைக்குப் பிரிமியம் கட்டியிருந்தாலும். வெளிநாட்டு ரகமாக இருந்தால் நிறுவனங்களின் விலைப் பட்டியலில் சரியான ரகம் இல்லாமல், கீழ் ரகத்தின் விலையைப் பொருத்திவிடுவதுண்டு. வாங்கிய பில், ஏலத் தாள், கூடுதல் வசதிகளின் பட்டியலை ஏஜெண்டிடம் முதலிலேயே கொடுங்கள். ஐந்து வயதைத் தாண்டிய காடிக்குப் புது உதிரி போட்டால் அதன் விலையில் ஒரு பங்கை உங்களிடம் வாங்குவார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஒரு மேட்ரிக்ஸ் விளக்கு உடைந்தால் அந்தப் பங்கே ஆயிரக்கணக்கில் வரும்.

செராஸ்: சுபாரு பிஆர்இசட், புதிய தலைமுறை, 2.4 எஞ்சின். செப்பாங்கில் ஓட்டியதாக விற்பவரே சொல்கிறார். தவிர்க்கவா?

சொன்னாரே, அதுவே நல்லது. செப்பாங்கில் ஓட்டியது தானாகக் குற்றமில்லை, ஆனால் இந்த எஞ்சினுக்கு அந்தத் தடம் பொருந்தாது. செப்பாங் வலஞ்சுழித் தடம், நீண்ட வலது வளைவுகள் அதிகம். இந்த எஃப்ஏ24 எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் விழுவதும் நீண்ட வலது வளைவில்தான். அதோடு எண்ணெய்த் தொட்டியை ஒட்டிய பசையின் துணுக்குகள் உள்ளே உதிர்ந்து உறிஞ்சுகுழாயின் வலையில் சேர்ந்த காடிகளும் உண்டு. தொட்டியைக் கழற்றி வலையைப் பார்த்த பில் இருக்கிறதா, எண்ணெயை எத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினார் என்று கேளுங்கள். இரண்டுக்கும் தாள் இருந்தால் எடுக்கலாம். விற்கும் நாளில் அதே தாள்களை நீங்களும் காட்ட வேண்டியிருக்கும், பத்திரமாக வையுங்கள். இதன் மாற்றுப் பெயரான டொயோட்டா ஜிஆர்86-க்கும் இதே பதில்.

புக்கிட் ஜாலில்: போர்ஷேயின் மின்கார் டைக்கான் பழசு இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே, என்ன குறை?

குறை காடியில் அதிகம் இல்லை, சந்தையில் இருக்கிறது. இறக்குமதி மின்கார்களுக்கு 2022 முதல் 2025 முடியும்வரை வரி விலக்கு இருந்ததால் அவற்றின் புது விலையே தாழ்வாகத் தொடங்கியது. 2024-இல் வந்த புதுப்பித்த டைக்கான் ஒரே சார்ஜில் வெகுதூரம் ஓடியது; பழையதன் விலை மேலும் சரிந்தது. இரண்டு காரியம் செய்யுங்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, பேட்டரி மாட்யூல் திரும்ப அழைப்பில் அந்தக் காடி வருகிறதா, வேலை முடிந்ததா என்று விநியோகஸ்தரிடம் கேளுங்கள். பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டருக்கு 70 விழுக்காடு கொள்ளளவு உத்தரவாதம் உண்டு; ரீகானாக வந்த காடிக்கு அது இங்கே செல்லுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லாக "செல்லும் பாஸ், செல்லும்" என்று சொல்லும் கடையில் முன்பணம் கட்டாதீர்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: சிவப்புக் காடிக்குச் சாம்பல் நிறப் படலம் ஒட்டியிருக்கிறேன். விற்கும்போது கழற்ற வேண்டுமா?

ஆம், பி5 சோதனைக்கு முன்பே. கிராண்டில் சிவப்பு என்றிருந்தால் சாம்பல் காடி சோதனையில் நிற்கும். நல்ல பட்டறையில் ஹீட் கன் வைத்து மெதுவாக உரிக்கச் சொல்லுங்கள். மறுபடி சாயம் அடித்த தகட்டிலிருந்து உரித்தால் சாயமும் சேர்ந்து வரும். எந்தத் தகடு மறுபடி அடித்தது என்று உங்களுக்கே தெரியாவிட்டால், உரிப்பதற்கு முன் தடிப்பை அளந்துவிடுங்கள்.